குழித் தண்ணீரிலிருந்து 110 லிட்டர் எண்ணெய்

போன வியாழக்கிழமை ரீசைக்கிளர் (பழைய எண்ணெயை மறுசுழற்சி செய்கிறவர்) வண்டி வந்து 110 லிட்டர் பழைய எண்ணெயை எடுத்துக்கொண்டு போனது. லிட்டருக்கு 30 ரூபாய், ஆக 3,300 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஏழு மாதத்துக்கு முன்புவரை இதே எண்ணெயைப் பட்டறைக் கழிவுத் தண்ணீரோடு சேர்த்து டேங்கரில் ஏற்றிவிட்டு, எடுத்துப் போகிறவருக்கு நான்தான் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன். இடையில் நடந்ததை, தப்பும் தவறுமாகச் செய்ததையும் சேர்த்து, எழுதி வைக்கிறேன்.

கோவையில் கணபதி பக்கம் சின்ன ஜாப் வொர்க் பட்டறை. ஐந்து சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர் ஓட்டும் கடைசல் மெஷின்), பொருளைக் கழுவ ஒரு தொட்டி. லேத்தின் ஸ்லைடுகளுக்குப் போகும் 68 கிரேடு ஆயில் சொட்டுச் சொட்டாகக் கூலன்டில் (வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும், எண்ணெயும் தண்ணீரும் கலந்த திரவம்) விழும். பொருளைப் பிடிக்கும் சக்-ஐ (chuck) இறுக்கும் ஹைட்ராலிக்கில் எப்போதும் எங்கேயோ ஒரு கசிவு இருக்கும். இரும்புச் சுருள் வாரும்போதும், பொருளைக் கழுவும்போதும், தரையைத் துடைக்கும்போதும் இந்த எண்ணெய் எல்லாம் ஒரே குழியில் வந்து சேரும். குழி 1.2 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம், 0.75 மீட்டர் ஆழம். நாளைக்கு ஏறத்தாழ 250 லிட்டர் வரும். அதை அரை எச்பி மோனோபிளாக் பம்பு மேலே 5,000 லிட்டர் தொட்டிக்குத் தள்ளும். இருபது நாளுக்கு ஒரு டேங்கர், ஒரு லோடுக்கு 6,500 ரூபாய். திங்கட்கிழமை காலை ஷட்டரைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். எண்ணெய்ப் படலம் மேலே மூடிக்கொள்வதால் காற்றுப் போகாமல் அடியில் கிருமி பெருகுகிறது. வாடிக்கையாளர் யாரும் திங்கட்கிழமை வராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் அளவுக்கு இருந்தது.

முதலில் மக்கால் மேலே மிதப்பதை அள்ளிப் பார்த்தோம். அள்ளியதில் முக்கால்வாசி தண்ணீர். இரண்டு நாளில் கை ஓய்ந்துவிட்டது.

அப்புறம் 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் மூன்றை வரிசையாக வைத்தேன், ஒன்று 900 ரூபாய். முதல் டிரம்மின் அடியிலிருந்து இரண்டாவதுக்கு, அங்கிருந்து மூன்றாவதுக்கு. எண்ணெய் மேலே தங்கிவிடும், தண்ணீர் அடியில் நகரும் என்பது கணக்கு. ஒரு வாரம் ஓட்டியும் முதல் டிரம்மில் விரல் கனத்துக்குக்கூட எண்ணெய் சேரவில்லை. மூன்றாவது டிரம்மில் டீத்தண்ணீர் மாதிரி ஒன்று நின்றது. டிரம் சின்னது, தண்ணீர் நிற்க நேரம் போதவில்லை என்று நானே முடிவுகட்டி, பெரிய தொட்டி அடிக்க இறங்கினேன். அங்கே நின்று ஒரு பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் பிடித்துப் பார்த்திருந்தால் இரண்டு மாதம் மிச்சம்.

தொட்டி 3 மி.மீ. எம்.எஸ். (சாதா இரும்பு) பிளேட்டில்: 1,200 நீளம், 500 அகலம், 600 உயரம், எல்லாம் மி.மீ. தடுப்புகளையும் சேர்த்து 73 கிலோ வந்தது. நுழையும் பக்கத்தில் வேகத்தைத் தணிக்க ஒரு தடுப்பு. வெளியேறும் பக்கம் மேலிருந்து இறங்கி அடியில் 150 மி.மீ. இடைவெளி விடும் இன்னொரு தடுப்பு. எண்ணெய் இதைத் தாண்டக் கூடாது. இரண்டுக்கும் நடுவே 900 மி.மீ. நீள அறை. அங்கேதான் எண்ணெய் மேலே வர வேண்டும். தண்ணீர் வெளியேறும் குழாய் 450 மி.மீ. உயரத்தில். எண்ணெய் வழிய பக்கவாட்டில் ஒரு வாய்.

அந்த வாயின் உயரத்தில்தான் முதல் குழப்பம். முதலில் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்தேன். எண்ணெய் பக்கெட்டில் தண்ணீர் கொட்டியது. கோபத்தில் எண்ணெய் வாயை 40 மி.மீ. உயர்த்தி வெல்ட் வைத்தோம். மூன்று வாரம் ஆகியும் ஒரு சொட்டு வழியவில்லை. பிறகுதான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் எங்கள் எண்ணெயின் அடர்த்தி 0.87. அதாவது 100 மி.மீ. கனத்துக்கு எண்ணெய் சேர்ந்தால், அந்த அறையின் மட்டம் தண்ணீர்க் குழாயின் மட்டத்தைவிட 13 மி.மீ. மட்டுமே உயரும். 40 மி.மீ. உயர வேண்டுமானால் 300 மி.மீ. கனத்துக்கு எண்ணெய் நிற்க வேண்டும். அந்த அறையில் அது 135 லிட்டர்! எனக்கு மாதத்துக்குக் கிடைப்பதே 40 லிட்டருக்குள். எண்ணெய் வழிவதற்குள் தீபாவளி வந்திருக்கும்.

வெல்டர் தம்பியை மூன்றாவது முறை கூப்பிட மனம் வரவில்லை. எண்ணெய் வாயை அப்படியே விட்டுவிட்டு, தண்ணீர்க் குழாயின் முனையில் மரை போட்ட பிவிசி துண்டு ஒன்றைச் செருகினேன். திருகினால் ஏறும், இறங்கும். இப்போது இரண்டுக்கும் நடுவே 8 மி.மீ. வித்தியாசம். அறுபது மி.மீ. கனம் சேர்ந்ததும் வழிகிறது. இதை நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். எந்தத் தொட்டியிலும் தண்ணீர் வாயை மாற்றி அமைக்க வழி வைக்காமல் வெல்ட் வைக்காதீர்கள்.

மட்டம் சரியானது. ஆனால் தண்ணீர் இன்னும் டீதான்.

இந்தக் கட்டத்தில்தான் பாட்டிலுக்கு வந்தேன். ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு. ஒன்றில் குழியிலிருந்து நேராக மொண்டது. இன்னொன்றில் பம்பைத் தாண்டி வந்தது. ஒரு மணி நேரம் கழித்து ஸ்கேல் வைத்து அளந்தால், குழிப் பாட்டிலில் 22 மி.மீ. எண்ணெய் தெளிவாகப் பிரிந்து நின்றது. பம்பு பாட்டிலில் 6 மி.மீ. மீதி முழுக்கப் பழுப்பு. மறுநாள் காலையிலும் பம்பு பாட்டில் தெளியவில்லை. நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் சுற்றும் இம்பெல்லர் (பம்புக்குள் இருக்கும் விசிறி), மிதந்துகொண்டிருந்த எண்ணெயை மிக்ஸியில் போட்ட மாதிரி அடித்துப் பொடியாக்கி அனுப்பியிருக்கிறது. நான் அதைப் பிரிக்கப் பெரிய தொட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை.

துளி சிறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே ஒரு கணக்கு சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். 100 மைக்ரான் (0.1 மி.மீ.) துளி 300 மி.மீ. தண்ணீரில் மேலேறி வர ஏழு நிமிடம் போல ஆகும். அதே துளி 10 மைக்ரானாக உடைந்தால் 12 மணி நேரம். அளவு பத்தில் ஒன்று, நேரம் நூறு மடங்கு. இதைத் தொட்டியைப் பெரிதாக்கித் துரத்த முடியாது.

மோனோபிளாக்கைக் கழற்றினேன். உக்கடத்தில் அரை இஞ்ச் டயஃப்ரம் பம்பு பழையது 4,500 ரூபாய்க்குக் கிடைத்தது. காற்றில் ஓடுவது; சுற்றும் விசிறி இல்லை, ரப்பர்த் தகடு முன்னும் பின்னும் அசைந்து தள்ளும். பட்டறையில் கம்ப்ரசர் ஏற்கெனவே இருப்பதால் தனிச் செலவு இல்லை. காற்றைக் குறைத்து மணிக்கு 200 லிட்டர் அளவில் வைத்தேன். வெளியேறும் வால்வைத் திருகி வேகத்தைக் குறைக்கவே இல்லை. அந்த இடுக்கிலும் துளி நொறுங்கும். பாட்டிலில் 17 மி.மீ. பிரிந்தது. 22 இல்லை, ஆனால் 6-ம் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் சில நாள் தண்ணீர் நன்றாகப் பிரியும், சில நாள் பிரியவே பிரியாது. என்ன மாறுகிறது என்று ஃபோர்மேன் அண்ணனும் நானும் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். பதில் சொன்னது தரை துடைக்கும் அக்கா. “அந்தப் பவுடர் போடாத அன்னைக்கு எண்ணெய் தனியா மெதக்குதுங்க தம்பி. போட்டா மோராட்டம் ஆயிருது” என்றார். தரைக்குப் போடும் சோப்புப் பவுடர். கையில் பிசுக்கு போக என்ன வேலை செய்கிறதோ அதே வேலையைக் குழியிலும் செய்துகொண்டிருந்திருக்கிறது. “ஏனக்கா, முன்னாடியே சொல்லக் கூடாதா?” என்றேன். “நீங்க கேக்கலீங்களே” என்றார். பாட்டிலில் ஒரு சிட்டிகை பவுடர் போட்டுக் குலுக்கிப் பார்த்தேன். அக்கா சொன்னது சரி; ஒரு நாள் கழித்தும் அந்தப் பாட்டில் மோராகவே இருந்தது.

இப்போது தரையில் முதலில் மரத்தூள் தூவி எண்ணெயை எடுத்துவிட்டு, வெறும் தண்ணீரில் துடைக்கிறோம். பவுடர் சனிக்கிழமை மட்டும். அந்தத் தண்ணீர் குழிக்குப் போகாது, தனி டிரம்முக்குப் போகும். எண்ணெய் ஊறிய மரத்தூளும் குப்பையில் போகாது. கட்டி வைத்து எண்ணெய்க் கழிவோடு அனுப்ப வேண்டும்.

அடுத்தது, பம்பு தொடும் முன்பே குழியிலேயே எண்ணெயை எடுப்பது. ஸ்டெயின்லெஸ் தகட்டில் 300 மி.மீ. வட்டம் ஒன்றை லேசரில் வெட்டி, பாதி முங்கும்படி மோட்டாரில் மாட்டினேன். வட்டம் சுற்றும், எண்ணெய் ஒட்டும், ரப்பர் வழித்து எடுக்கும். முதல் நாள் அருமையாக வேலை செய்தது. மறுநாள் பம்பு ஓடிக் குழியின் மட்டம் 400 மி.மீ. இறங்கியது, வட்டம் அந்தரத்தில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. 450 ரூபாய் போச்சு.

மட்டம் ஏறி இறங்கும் இடத்துக்குப் பெல்ட்தான் சரி. கோவையில் பெல்ட்டுக்கா பஞ்சம்? மில் ஸ்பேர்ஸ் கடையில் 75 மி.மீ. அகல நைலான் பெல்ட், நீளம் 1.9 மீட்டர், முனையை ஒட்டி வளையமாக்கிக் கொடுத்தது சேர்த்து 380 ரூபாய். “எந்த மெஷினுக்குங்ணா?” என்று கடைக்காரர் கேட்டார். குழிக்கு என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மேலே 110 மி.மீ. பிவிசி பைப் துண்டு உருளை, வழுக்காமல் இருக்க அதன் மேல் சைக்கிள் டியூப். கீழே ஒன்றரை கிலோ எடையுள்ள இரும்பு உருளை சும்மா தொங்குகிறது, பெல்ட்டை இறுக்கமாக வைக்க. மோட்டார், லாரி வைப்பர் மோட்டார், பழையது 700 ரூபாய். அது 24 வோல்ட் மோட்டார். அதை 12 வோல்ட்டில் ஓட்டினால் வேகம் பாதியாகிறது, சூடும் ஏறுவதில்லை.

அப்படியும் நிமிடத்துக்கு 20 சுற்று, அதாவது பெல்ட் 7 மீட்டர் ஓடியது. அந்த வேகத்தில் எண்ணெயோடு தண்ணீரையும் இழுத்து வந்தது. 250 ரூபாய் ஸ்பீட் கன்ட்ரோலர் ஒன்றைப் போட்டு 12 சுற்றுக்குக் குறைத்ததும் தண்ணீர் கீழே வடிந்துவிட, எண்ணெய் மட்டும் மேலே வந்தது. வழிக்கும் ரப்பர், வீட்டில் தரைத் தண்ணீர் தள்ளும் வைப்பரிலிருந்து வெட்டியது. முதலில் பெல்ட்டின் ஒரு பக்கம்தான் வைத்தேன். இன்னொரு பக்கத்து எண்ணெய் அப்படியே குழிக்குத் திரும்பிப் போனது. இப்போது இரண்டு பக்கமும் உண்டு. ரப்பரை நேராக வைத்தால் பெல்ட்டின் ஒட்டு ஒவ்வொரு சுற்றிலும் அதில் இடிக்கிறது. சாய்த்து வைத்தால் சத்தமில்லாமல் போகிறது.

நாள் முழுக்க ஓட விட்டதும் தப்புதான். எண்ணெய் தீர்ந்த பிறகு பெல்ட் சளி மாதிரி கலங்கலை எடுத்து வர ஆரம்பிக்கிறது. டைமர் போட்டுவிட்டேன். இரவு முழுக்கத் தண்ணீர் அசையாமல் இருந்து எண்ணெய் மேலே வந்த பிறகு, காலை 5 முதல் 7 வரை மட்டும் பெல்ட் ஓடும். எட்டு மணிக்கு மேல்தான் பம்பு. பம்பின் உறிஞ்சு குழாய் குழியின் அடித்தளத்திலிருந்து 150 மி.மீ. உயரத்தில் நிற்கிறது, அடியிலுள்ள சேறும் வராது, மேலே உள்ள எண்ணெயும் வராது. இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு திங்கட்கிழமை நாற்றமும் ஏறக்குறைய போய்விட்டது.

எடுத்த எண்ணெயிலும் கொஞ்சம் தண்ணீர் இருக்கும். 20 லிட்டர் வாட்டர் கேனின் அடியை அறுத்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு, வாயில் ஒரு பால் வால்வு (ball valve). இரண்டு நாள் நின்றதும் வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, எண்ணெய் வரும்போது மூடிவிட வேண்டும். போதுமா என்று பார்க்கப் பழைய தோசைக்கல். நன்றாகச் சூடாக்கி அடுப்பை அணைத்துவிட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரே ஒரு சொட்டு விடுவேன். சடசடத்தால் தண்ணீர் இருக்கிறது. இன்னும் ஒரு நாள் தொங்கட்டும்.

சென்டரிங் வேலை செய்கிறவர்கள் பலகையில் பூச இந்த எண்ணெயைக் கேட்டு இரண்டு முறை வந்தார்கள், கூடுதல் விலையும் சொன்னார்கள். கொடுக்கவில்லை. 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி பழைய எண்ணெய் அனுமதி பெற்ற ரீசைக்கிளருக்குத்தான் போக வேண்டும், கழிவோடு கூடவே போகும் பத்தாம் எண் படிவத்தோடு. பொதுவாக 90 நாளுக்கு மேல் சேர்த்தும் வைக்கக் கூடாது. அதனால்தான் பீப்பாய் நிறையும் வரை காத்திருக்காமல் 110 லிட்டரிலேயே வண்டியைக் கூப்பிட்டேன்.

கூலன்ட் கதை தனி. தேய்ந்துபோன கூலன்டைக் கொட்டும்போது அது பால். எவ்வளவு நேரம் வைத்தாலும் பிரியாது. பிரியாமல் இருப்பதற்காகவே செய்த சரக்கு அது. படிகாரம் போட்டுப் பார்த்தேன், லிட்டருக்கு 1, 2, 3, 4 கிராம் என்று நான்கு பாட்டில். முதல் இரண்டில் ஒன்றும் நடக்கவில்லை. 3 கிராமில் அரை மணி நேரத்தில் தயிர் திரிந்த மாதிரி கட்டி கட்டியாக மேலே ஏறி, கீழே தண்ணீர் தெளிந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பி.ஹெச். தாளில் 4 காட்டியது, அதாவது அமிலம் அதிகம், சுண்ணாம்பு போட்டு ஏற்ற வேண்டும். பாட்டிலில் கால்வாசி எண்ணெய்ச் சேறு. அந்தச் சேற்றை எங்கே வைப்பது, யார் எடுப்பது என்று யோசித்ததும் மூட்டையைக் கட்டிவிட்டேன். வீணாய்ப் போன மூன்று பிளாஸ்டிக் டிரம்மும் இங்கே உதவின. இரண்டில் தேய்ந்த கூலன்ட், ஒன்றில் சனிக்கிழமை சோப்புத் தண்ணீர். இரண்டும் டேங்கரோடு போகும், குழியில் கலக்காது.

கடைசியில் இலவம் பஞ்சு. தொட்டியைத் தாண்டிய தண்ணீரில் இன்னும் வானவில் படலம் தெரிந்தது. இலவம் பஞ்சில் இயல்பாகவே மெழுகுப் பூச்சு உண்டு, தண்ணீரை ஏற்காது, எண்ணெயைக் குடிக்கும். வீட்டிலிருந்த பழைய தலையணை ஒன்றைப் பிரித்து வலைப்பையில் திணித்தேன். மிதந்துவிட்டது. மேலே கம்பி வலை போட்டு அமுக்கினேன். இறுக்கித் திணித்ததால் தண்ணீர் உள்ளே போகாமல் தொட்டி வழிந்து தரையெல்லாம் ஆறு. பாதிப் பஞ்சை எடுத்துத் தளர்வாக வைத்ததும் சரியானது, படலமும் காணவில்லை. இரண்டரை வாரத்தில் பஞ்சு கறுத்துவிடுகிறது. அதையும் எண்ணெய்க் கழிவோடுதான் சேர்க்க வேண்டும்.

லேபில் கொடுத்துப் பார்த்தேன். பஞ்சுக்கு முன் எண்ணெய் லிட்டருக்கு 31 மில்லிகிராம், பின் 12. பொதுச் சாக்கடைக்கான வரம்பு 20. ஆறு குளத்துக்கும் பாசன நிலத்துக்கும் 10. எண்ணெய் ஒன்றை மட்டும் வைத்து வெளியே விட எனக்குத் துணிச்சல் இல்லை, விடவும் கூடாது. தரையின் முதல் கழுவலுக்கு அதே தண்ணீரைத் திரும்ப எடுக்கிறோம். அதனால் டேங்கர் இருபது நாளுக்கு ஒன்று என்பது நாற்பது நாளுக்கு ஒன்றாகிவிட்டது. மாதத்துக்கு 4,875 ரூபாய் மிச்சம்.

செலவு: பிளேட் 4,526, வெல்டர் கூலி 2,400, பெயின்ட் 900, பிவிசி 640, டயஃப்ரம் பம்பு 4,500, வைப்பர் மோட்டார் 700, 12 வோல்ட் பவர் சப்ளை 850, கன்ட்ரோலர் 250, டைமர் 550, பெல்ட் 380, ரப்பர் வைப்பர் 120, நட்டு போல்ட் சில்லறை 500. மொத்தம் 16,316. டிரம்முக்கும் வட்டத்துக்கும் போன 3,150 இதில் இல்லை.

மறுபடி செய்தால் முதல் நாள் பாட்டில், இரண்டாம் நாள் பெல்ட். அந்த 73 கிலோ தொட்டியை அடித்திருக்க மாட்டேன். குழியில் எண்ணெய் எடுத்த பிறகு அதில் பாதி அளவே போதும். தொட்டியின் அடியைச் சரிவாக வைத்து, சேறு இறக்க ஒரு வால்வு வைத்திருப்பேன். இப்போது மாதத்துக்கு ஒரு முறை கையால் வார வேண்டியிருக்கிறது. பெல்ட்டின் கீழ் உருளைக்குப் பக்கத் தடுப்பு வைக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு தரம் பெல்ட் நழுவுகிறது.

சனிக்கிழமை பஞ்சு மாற்ற வேண்டும். வீட்டில் இலவம் பஞ்சுத் தலையணை இன்னும் ஒன்று இருக்கிறது. அம்மா அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.